வழக்கா, பேசி அனுப்புவதா?

வாடகை தராதவரை வெளியேற்ற வழக்குப் போடுவதுதான் முறை, ஆனால் அது ஆமை வேகம்: காலி செய்யச் சொல்லி முதலில் கொடுக்கும் நோட்டீஸில் தேதியோ பெயரோ பிசகினால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும், நோட்டீஸ் கொடுத்த பிறகு சத்தமில்லாமல் வாடகை வாங்கிக்கொண்டால் அந்த நோட்டீஸே செல்லாது என்று எதிர்த்தரப்பு வாதாடும், தீர்ப்பு கிடைத்தாலும் அதை நிறைவேற்றத் தனியாக அலைய வேண்டும். அதற்காக நீங்களே பூட்டை மாற்றுவது, கரண்டைத் துண்டிப்பது எல்லாம் வேண்டவே வேண்டாம், பல நாடுகளில் அது சட்டவிரோதம், வழக்கு உங்கள் மேல் திரும்பும்.

பேசி அனுப்புவது வேகம். பாக்கியில் தள்ளுபடி, கூடவே கொஞ்சம் பணம். தராதவருக்கே காசா என்று எரிச்சல் வரும்தான். சரி, காலி செய்யும் தேதியை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், சாவி கைக்கு வந்த பிறகே பணம். சில மாத பாக்கிக்கு நான் இதைத்தான் சொல்வேன். வீடே தன்னுடையது என்று பேசுகிறவரிடம் வழக்குதான்.