ஓஆர்1டி2 மறுசேர்க்கைப் புரதம்: எந்தச் சோதனைக்கு வாங்கலாம்?

மணத்தை உணரும் மனித நுகர்ச்சி ஏற்பிகளுள் ஒன்றான ஓஆர்1டி2-வின் முழுநீள மறுசேர்க்கைப் புரதத்தை (மரபணுவைக் கொண்டு செயற்கையாக உருவாக்கப்பட்டதை) எங்கள் ஆய்வுக்கூடத்தில் இதுவரை இரண்டு முறை தருவித்திருக்கிறோம். முதல் முறை வாங்கியது மணமூலக்கூறு இந்த ஏற்பியோடு பிணைகிறதா என்று பார்ப்பதற்காக; அது வீணாயிற்று. இரண்டாம் முறை வாங்கியது ஏற்பியை இனங்கண்டு ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்புரதங்களை (ஆன்டிபாடிகளை)ச் சோதிப்பதற்காக. அதற்கு நன்றாகவே உதவியது. புதிதாக வாங்க நினைப்பவர்கள் முதலாவது தவறைச் செய்யக் கூடாது என்பதற்காகவே சற்று விரிவாக எழுதுகிறேன்.

மனிதரில் இயங்கும் ஏறக்குறைய 400 நுகர்ச்சி ஏற்பிகளில் இதைத் தேடி வாங்குவோர் இருப்பதற்குக் காரணம் உண்டு. லில்லி ஆஃப் தி வேலி மலரின் மணத்தை ஒத்த போர்ஜியோனால் என்னும் ஆல்டிஹைடு, விந்தணுவிலும் உள்ள இந்த ஏற்பியைத் தூண்டுகிறது என்றும், மனித விந்தணுக்கள் அந்த மூலக்கூறு மிகுந்த திசையை நோக்கி நீந்துகின்றன என்றும், அன்டெக்கனால் அதைத் தடுக்கிறது என்றும் 2003-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். 2012-இல் வந்த மற்றோர் ஆய்வோ, விந்தணுவில் போர்ஜியோனால் கேட்ஸ்பெர் என்னும் கால்சியம் அயனிவாயிலின் மீது நேரடியாகவே செயல்படுகிறது என்றது. இத்தகைய வழக்கு நடக்கும் இடத்தில் தூய்மையான ஏற்பியைக் கையில் வைத்துக்கொண்டு நேராகச் சோதித்துவிடலாம் என்று எவருக்கும் தோன்றும். எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது.

வந்து சேர்ந்தது உலர் பனிக்கட்டிக்கு நடுவில் ஒரு சிறு குழாய். அதன் அடியில் ஒரு துளி, அதில் 10 மைக்ரோகிராம் புரதம். கோதுமை முளைச் சாற்றில், உயிருள்ள செல் எதுவும் இல்லாமல் உருவாக்கப்பட்டு, முன்முனையில், பிரித்தெடுக்க உதவும் குளுட்டாதையோன் டிரான்ஸ்ஃபரேஸ் என்னும் வேறொரு புரதம் ஒட்டப்பட்டது. டிரிஸ் தாங்கல் கரைசலில் குளுட்டாதையோன் சேர்ந்திருந்தது. சவ்வுப் புரதங்களைக் கரைசலில் தாங்கிப் பிடிக்கும் சோப்பு போன்ற டிடர்ஜென்ட் எதுவும் இல்லை. நான் முதலில் கவனித்திருக்க வேண்டிய செய்தி இதுதான். செல் சவ்வை ஏழு முறை ஊடுருவி நிற்க வேண்டிய ஒரு புரதம், கொழுப்பு அடுக்கோ டிடர்ஜென்டோ இன்றி வெறும் நீர்க்கரைசலில் தன் இயல்பான மடிப்போடு இருக்கும் என்று எதிர்பார்க்க இடமே இல்லை.

பிணைப்புச் சோதனையில் அடுத்தடுத்துச் சிக்கல்கள். பிணைப்பை அளக்கும் உணரிச் சிப்பில் புரதத்தைப் பொருத்தும் வினையில் டிரிஸும் குளுட்டாதையோனும் தம் அமினோ தொகுதிகளோடு போட்டிக்கு வந்தன. தாங்கல் கரைசலை மாற்ற டயாலிசிஸ் செய்தபோது புரதத்தில் பெரும்பகுதி சவ்வுப்பையிலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒருவழியாக எதிர்ப்புரதத்தின் துணையோடு பொருத்திப் போர்ஜியோனாலைச் செலுத்தியபோது, ஏற்பி உள்ள தடத்திலும் வெறும் டிரான்ஸ்ஃபரேஸ் மட்டுமே உள்ள தடத்திலும் ஒரே அளவான சமிக்ஞை கிடைத்தது. ஆல்டிஹைடுகள், புரதங்களிலுள்ள லைசின் என்னும் அமினோ அமிலத்தோடு தாமாகவே வினைபுரியக்கூடியவை. அந்த ஒப்பீட்டுத் தடம் இல்லாமலிருந்தால் ஏற்பியில் பிணைந்தது என்றே நம்பியிருப்போம்.

புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து எதிர்ப்புரதத்தால் அடையாளம் காணும் வெஸ்டர்ன் பிளாட்டில் நிலைமை வேறு. ஆனால் அங்கும் ஒரு பழக்கத்தைக் கைவிட வேண்டும். மாதிரியை வழக்கம்போல 95 டிகிரியில் ஐந்து நிமிடம் சூடாக்கி ஏற்றியபோது, புரதம் திரண்டு ஜெல்லின் குழியிலேயே தங்கி, மேலிருந்து கீழாக ஒரு கறைதான் தெரிந்தது. 37 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து ஏற்றியபோது 60 கிலோடால்டனை ஒட்டித் தெளிவான பட்டை கிடைத்தது; ஏற்பியின் எடையோடு டிரான்ஸ்ஃபரேஸின் 26-ஐக் கூட்டினால் வர வேண்டிய இடம் அதுவே. நுகர்ச்சி ஏற்பிகளுக்கு என்று விற்கப்படும் எதிர்ப்புரதங்களில் நம்பகமற்றவை நிறைய. எங்களிடம் இருந்த மூன்றில் ஒன்று மட்டுமே இந்தப் பட்டையைக் காட்டியது. அதைத் தெரிந்துகொண்டதற்கே கொடுத்த விலை தகும். தடத்துக்கு 100 நானோகிராம் போதுமாதலால் ஒரு குழாய் நெடுநாள் வரும். வந்த அன்றே சிறு பங்குகளாகப் பிரித்து மைனஸ் 80-இல் வைத்துவிட வேண்டும், உருக்கி மீண்டும் உறையவைத்த பங்கில் பட்டை மங்கிவிட்டது.

விற்பனைப் பக்கத்தில் எலைசா (எதிர்ப்புரதம் கொண்டு புரதத்தை அளக்கும் சோதனை), வெஸ்டர்ன் பிளாட் ஆகியவை பயன்களாகக் குறிக்கப்பட்டிருந்தன. செயல்திறன் சோதிக்கப்படவில்லை என்ற ஒரு வரி எங்கும் இல்லை. நாங்கள் கேட்டு எழுதிய பிறகே அதை ஒப்புக்கொண்டார்கள். இந்த ஒரு வரி இல்லாததால் எங்கள் மாணவர் ஒருவரின் இரண்டு மாத உழைப்பு போயிற்று. அதை என்னால் எளிதாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

மணத்துக்கு ஏற்பி காட்டும் எதிர்வினையைத்தான் பார்க்க வேண்டும் என்றால், மரபணுவை வாங்கி ஆய்வுக்கூடங்களில் வளர்க்கப்படும் ஹெக்293 வகை மனிதச் செல்களில் வெளிப்படுத்துவதே வழி. ரோடாப்சினின் முதல் 20 அமினோ அமிலங்களை முன்முனையில் சேர்த்து, ஆர்டிபி1 என்னும் துணைப்புரதத்தையும் உடன் கொடுத்தால் பல ஏற்பிகள் செல்லின் மேற்பரப்புக்கு வந்து சேர்கின்றன. எங்கள் மாணவர் இப்போது அப்படித்தான் செய்கிறார். அந்தச் செல்களின் சாற்றை ஜெல்லில் ஓட்டும்போது, பக்கத்துத் தடத்தில் ஒப்பீட்டுக்காக இந்தக் குழாயின் புரதத்தை ஏற்றுகிறார்.