சர்வீஸ் விட்ட காரில் பழைய ஆயில்: மீட்டர் காட்டுவதை நம்பாதீர்கள்

போன மாதம் காரை வருடாந்திர சர்வீஸுக்கு விட்டேன். பெட்ரோல் வண்டி, ஐந்து வயது. மாலையில் பில் வந்தது: இன்ஜின் ஆயில் மூன்றரை லிட்டர், ஆயில் ஃபில்டர், டிரெயின் போல்ட் வாஷர், லேபர். மொத்தம் 5,200 ரூபாய். சாவியைப் போட்டதும் மீட்டரில் 'அடுத்த சர்வீஸ் 10,000 கி.மீ.' என்று காட்டியது. திருப்தியாகக் கிளம்பினேன்.

பத்து நாள் கழித்து அம்மாவைத் திருச்செந்தூருக்குக் கூட்டிப்போவதாக இருந்தது. முந்தின நாள் காலையில், வண்டியை ஸ்டார்ட் செய்யும் முன், ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கை உருவிப் பழைய பனியன் துணியில் துடைத்தேன். கன்னங்கரேலென்று கறை. மறுபடி விட்டு எடுத்தால் ஆயில், குறைந்தபட்ச அளவைக் காட்டும் கீழ்க்கோட்டில் நிற்கிறது. டீசல் வண்டி என்றால் புது ஆயிலும் சீக்கிரம் கறுத்துவிடும். பெட்ரோல் வண்டியில் 200 கி.மீ.கூட ஓடாத ஆயில் ஏறக்குறைய தேன் நிறத்தில்தான் இருக்கும்.

போன் செய்தேன். "சார், மீட்டர்ல பத்தாயிரம் காட்டுதுல்ல? ஆயில் மாத்தினாதான் சார் அது வரும்" என்றார் சர்வீஸ் அட்வைசர்.

இது சுத்தப் பொய். பெரும்பாலான கார்களில் அந்த எண், கடைசியாக ரீசெட் செய்ததிலிருந்து ஓடிய தூரத்தையும் கடந்த மாதங்களையும் கழித்துக் காட்டும் கணக்கு மட்டுமே. என் வண்டியில் இக்னிஷனை ஆன் செய்து ஒரு பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் முழு எண்ணும் திரும்பிவிடும். பானெட்டைத் திறக்கவே வேண்டாம். 1980களின் இறுதியில் ஜெனரல் மோட்டார்ஸ் இதைவிட நுட்பமான முறையைக் கொண்டுவந்தது. இன்ஜின் எத்தனை சுற்று சுற்றியது, எவ்வளவு சூட்டில் ஓடியது என்று பார்த்து, ஆயிலுக்கு இன்னும் எவ்வளவு ஆயுள் என்று கம்ப்யூட்டர் கணக்கிடும். இன்ஜின் சூடாகும் முன்பே நிறுத்திவிடும் குறுந்தூர ஓட்டம் அதிகமென்றால் ஆயுள் வேகமாகக் குறையும். ஆனால் அதுவும் ஆயிலைச் சோதிப்பதில்லை. ரீசெட் செய்தால் புது ஆயில் ஊற்றியாகிவிட்டது என்றே எடுத்துக்கொள்ளும். ஆயிலின் தரத்தையே அளக்கும் சென்சார் சில கார்களில்தான் உண்டு. அப்புறம், சிவப்பு எண்ணெய்க் குடுவை விளக்கு வேறு விஷயம். அது ஆயில் பிரஷருக்கானது, ஓடும்போது எரிந்தால் உடனே ஓரங்கட்டி இன்ஜினை அணைக்க வேண்டும்.

போன வருடம் ஆயில் மாற்றிய தெருமுனை மெக்கானிக் அண்ணனிடம் வண்டியைக் கொண்டுபோனேன். ஜாக்கி வைத்து, ஸ்டாண்டு கொடுத்து, கீழே படுத்து டார்ச் அடித்தார். பழைய ஆயிலை வடிக்கக் கழற்ற வேண்டிய டிரெயின் போல்ட்டைச் சுற்றிக் காய்ந்த சேறு அப்படியே இருந்தது. ஃபில்டரில் தூசியைத் துடைத்ததும் மார்க்கரில் எழுதிய தேதியும் கிலோமீட்டரும் தெரிந்தன. "இது நான் எழுதினது தம்பி" என்றார். எனக்குக் கை நடுங்கியது.

போட்டோக்களோடு போய் மேனேஜரைப் பார்த்தேன். டெக்னீஷியன் மறந்துவிட்டார் என்றார். மறந்திருந்தால் மீட்டரை ஏன் ரீசெட் செய்தார்கள் என்று கேட்டேன். பதில் இல்லை. ஆயில், ஃபில்டர், லேபர் பணம் திரும்பி வந்தது.

தயவுசெய்து சர்வீஸ் விடும் முன் பழைய ஃபில்டரில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். மாற்றிய ஃபில்டரைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். வண்டியை எடுக்கும்போது அங்கேயே டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள்.

அன்று அண்ணன் டிரெயின் போல்ட்டைக் கழற்றியபோது வடிந்தது இரண்டரை லிட்டர்தான். அந்த நிலையில் அம்மாவை உட்காரவைத்துத் திருச்செந்தூர் வரை ஓட்டியிருப்பேன்.