உப்புவெளியில் எந்த மாதம் தங்கலாம்: ஒரு கடற்கரை விடுதி பற்றிய மதிப்பீடு

திருகோணமலை நகரின் உவர்மலையில் சொந்த வீடு இருக்கும் ஒருவன், அதே ஊரின் உப்புவெளித் தங்குவிடுதி ஒன்றைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று ஊரார் கேட்கக்கூடும். வீட்டில் இருப்பவை இரண்டே அறைகள். வெளிநாட்டிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் உறவினர்கள் குடும்பமாக வரும்போது அவர்களைத் தங்கவைப்பதற்காக, கடற்கரையோடு ஒட்டிய பத்து அறைகள் கொண்ட ஒரு விடுதியை 2023ஆம் ஆண்டிலிருந்து மூன்று முறை நாடியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் நானும் மனைவியும் அவர்களுக்குத் துணையாகச் சில இரவுகள் அங்கேயே தங்கினோம். முதல் முறை ஆடி, இரண்டாம் முறை மார்கழிக் கடைசியும் தைத் தொடக்கமும், மூன்றாம் முறை பங்குனி. (எங்கள் வழக்கில் ஆடி என்றால் யூலை, மார்கழி என்றால் டிசெம்பர், தை என்றால் சனவரி, பங்குனி என்றால் மார்ச்; மற்ற மாதங்களும் அப்படியே.) விடுதிக்கு ஐந்துக்கு எத்தனை புள்ளி தருவாய் என்று யாராவது கேட்டால், எந்த மாதத்துக்கு என்றுதான் நான் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும். இதே அமைப்பில் இக்கரையில் பல விடுதிகள் இருப்பதால், இங்கே சொல்வது அவற்றில் தங்கப்போகிறவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

முதலில் வந்தவர் என் அக்கா. சான் பிரான்சிஸ்கோவில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வாழ்பவர். பிள்ளைகளின் நீண்ட விடுமுறை ஆனி, ஆடியில்தான் கிடைப்பதால் 2023 ஆடியில் வந்தார். புறப்படுவதற்கு முன் தொலைபேசியில் அவர் கேட்ட முதற்கேள்வி, "தம்பி, காலையில பனிமூட்டமா இருக்குமே, ஸ்வெட்டர் கொண்டு வரட்டா?" என்பது. திருகோணமலையில் பிறந்து வளர்ந்த ஒருவர் ஆடி மாதத்துக்கு ஸ்வெட்டர் கேட்டதை நாங்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பதுண்டு. ஆயினும் அவர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. அவருடைய நகரத்தில் கோடைதான் மூடுபனிக் காலம். கலிபோர்னியக் கரையை ஒட்டி வடக்கிலிருந்து வரும் குளிர்ந்த நீரோட்டமும், கோடைக் காற்றின் விசையால் ஆழத்திலிருந்து மேலெழும் குளிர்நீரும் சேர்ந்து கடற்பரப்பைக் குளிரச் செய்ய, அதன்மேல் வரும் ஈரக்காற்று பனிமூட்டமாக மாறுகிறது. உள்நாட்டுப் பள்ளத்தாக்கு வெயிலில் கொதிக்கும்போது அந்த மூட்டம் கோல்டன் கேட் நீரிணை வழியாக நகருக்குள் இழுபட்டு வருகிறது. அங்கே வெயிலை விரும்புகிறவர் புரட்டாதி, ஐப்பசியில் போக வேண்டும் என்றும், இது தெரியாமல் ஆடியில் அரைக்காற்சட்டையோடு வந்து இறங்கி நடுங்குகிறவர்களை ஆண்டுதோறும் காண்பதாகவும் அக்கா சொன்னார். நாலு பேரைக் கேட்டு அறிந்து போகாத பயணம் எந்தக் கரையிலும் இப்படித்தான் முடியும் போலும்.

எங்கள் ஆடி அதற்கு நேர்மாறு. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மலைநாட்டின் மேற்குச் சரிவிலேயே கொட்டித் தீர்த்துவிட்டு, மலையைத் தாண்டிக் கீழிறங்கும்போது வறண்டு, சூடேறிக் கிழக்குக் கரைக்கு வருகிறது. இதுவே கச்சான் காற்று. (நிலக்கடலைக்கும் எங்களிடம் கச்சான் என்றே பெயர், மாலையில் கடற்கரையில் கச்சான் வாங்கி உடைத்தால், தோலைக் கச்சானே கொண்டுபோய்விடும்.) பகல் வெப்பம் 34, 35 பாகை செல்சியசுக்கு ஏறுவது அப்போது வழக்கம். விடுதியின் மேல்மாடியில் மேற்குச் சுவரை ஒட்டிய அறைகளை எங்களுக்குக் கொடுத்திருந்தார்கள்; குளிரூட்டி இடைவிடாமல் ஓடியும், பிற்பகல் மூன்று மணிக்குச் சுவரில் கை வைத்தால் தோசைக்கல்லின் நினைவு வந்தது. குழாய் நீரில் உவர்ப்பு ஏறியிருந்தது. கோணேசர் கோயிலுக்குக் காலை ஆறரைக்குப் போகலாம் என்று நான் சொன்னதைக் கேளாமல் பதினொரு மணிக்குப் புறப்பட்ட அக்காவின் குடும்பம், செருப்பைக் கழற்றிய இடத்திலிருந்து வெறுங்காலுடன் சுடுதரையில் ஓட்டமும் நடையுமாகவே சந்நிதியை அடைந்தது. கோயில் இருக்கும் கோட்டைக்குள் திரியும் புள்ளிமான்கள்கூட அந்நேரத்தில் மரநிழலை விட்டு அசையவில்லை.

ஆனால் ஆடியில் இந்த விடுதிக்கு முன்னால் கிடக்கும் கடலுக்கு ஈடு சொல்ல முடியாது. காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையோரத்தில் அலை எழுவதில்லை. குளத்தைப் போலக் கிடக்கும் நீரில் நின்று குனிந்தால் கால்விரல் நகம் தெரியும். நிலாவெளிக்கு எதிரே ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தொலைவில் இருக்கும் புறாத்தீவுக்குப் படகுகள் காலை முழுவதும் போய்வந்தன. 2003ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட அந்தத் தீவில், இடுப்பளவு நீரிலேயே பவளப்பாறைகளையும், துடுப்பு நுனி கறுத்த சிறு சுறாக்களையும் பிள்ளைகள் கண்டார்கள். முதற்படகில் போய்விட வேண்டும்; பத்து மணிக்குப் பிறகு வரும் கூட்டத்தில் மீன்களைவிட மனிதக் கால்களே அதிகம் தெரியும், அவற்றில் பல பவளத்தின்மேல் நிற்கின்றன என்பது வருத்தம்.

அமைதியான கடல் என்பதிலும் ஒரு வஞ்சகம் உண்டு. அக்காவின் இளைய மகன் முழங்காலளவு நீரில் காற்றடைத்த வளையம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். கை நழுவியது. வளையம் ஒருமுறை புரண்டு, நிமிர்ந்து, நீரைத் தொட்டும் தொடாமலும் கிழக்கே உருளத் தொடங்கியது. கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் பாய்ந்து நீந்திப் பார்த்தார். அவர் இருபது பாகம் (ஒரு பாகம் ஏறத்தாழ ஆறடி) போவதற்குள் அது நூறு பாகம் தாண்டி, சிவப்புப் பொட்டாகச் சிறுத்து மறைந்தது. பிள்ளை அதற்குள் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்றிரவு யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கச்சான் வீசும் நாட்களில் மிதவைப் பொருட்களைக் கடலில் இறக்கக் கூடாது என்று விடுதியில் ஒரு பலகையும் இல்லை, ஒருவரும் சொல்லவும் இல்லை. ஆனால் அதே வளையங்களை வரவேற்பு மேசைக்கு அருகில் வாடகைக்கு அடுக்கி வைத்திருந்தார்கள். இந்த விடுதியில் நான் கண்ட குறைகளில் இதுவே பெரியது.

மார்கழியில் வந்தவர்கள் இலண்டனில் இருக்கும் தம்பி குடும்பத்தினர். திருகோணமலைக்கு ஆண்டு முழுவதும் பெய்யும் மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மூன்று மாதங்களிலேயே பெய்துவிடுகிறது. புயலும் இந்தப் பருவத்துக்கே உரியது, 2020 மார்கழி 2ஆம் திகதி புரேவிப் புயல் எங்களுக்கு வடக்கே கரைகடந்ததை இங்கே யாரும் மறந்திருக்கமாட்டார்கள். அறை வாடகை ஆடியில் கொடுத்ததில் ஏறத்தாழப் பாதி. அந்தப் பாதிக்குக் கிடைத்ததும் பாதிதான்: பணியாளர்களில் பலர் விடுமுறையில், வாடைக்காற்று நேரே அறையும் கடற்புறச் சன்னல்களின் அடியில் துவாய்களைச் சுருட்டி வைக்கும் நிலை, ஈரத்தில் ஊதிப்போய்த் தோள் கொடுத்துத் தள்ளினால் மட்டும் திறக்கும் கதவு, வெயில் காணாத கட்டில் விரிப்புகளின் பூஞ்சை நெடி. புறாத்தீவுக்கு விடுதி மூலமாகப் படகு பதிவு செய்து முற்பணமும் கட்டியிருந்தோம். கடல் கொந்தளித்தது, படகு போகவில்லை, முற்பணத்தில் பாதியே திரும்பியது. வடகீழ்ப் பருவத்தில் படகு போவது அரிது என்பது முகாமையாளருக்குத் தெரியாமல் இருக்க முடியாது. தெரிந்தும் பணம் வாங்கியது சரியல்ல என்று அவரிடமே சொன்னேன். "கடல் விடயம் ஐயா, நாங்கள் என்ன செய்யிறது" என்றார்.

சமையலறை மட்டும் மழைக்கு மசியவில்லை. ஆடியில் சுட்ட பாரை, இறால், கணவாய் என்று நீண்ட உணவுப் பட்டியலில் மார்கழியில் எஞ்சியவை நான்கைந்து; ஆனால் வெளியே மழை அடித்துக்கொண்டிருக்கும்போது சமையற்கார அம்மா வைத்துத் தந்த கருவாட்டுக் குழம்பும், முருங்கையிலைச் சொதியும், சூடு பறக்கும் குரக்கன் புட்டும், ஆடியில் மும்மடங்கு விலைக்கு உண்ட எந்த மீனையும் பின்தள்ளிவிட்டன.

பனியை நாங்கள் கண்டது தை முதல் வாரத்தில். மழை ஓய்ந்து, காற்றும் விழுந்து, வானம் வெளித்த இரவுக்கு மறுநாள் விடிய ஐந்தே முக்காலுக்கு, தம்பி குடும்பத்தை ஓட்டோவில் உவர்மலைக்கு ஏற்றிவந்தேன். விடுதி வாசலில் பனி இல்லை. உப்புவெளி திறந்த கடலைப் பார்த்தது, எங்கள் கடலோ ஆண்டு முழுவதும் இளஞ்சூடானது, ஆகவே சான் பிரான்சிஸ்கோவைப் போலக் கடலிலிருந்து பனி இங்கே வருவதில்லை. ஊறிக்கிடக்கும் நிலம் தெளிந்த இரவில் வெப்பத்தை இழந்து குளிர, அதையொட்டிய ஈரக்காற்று பனியாகித் தாழ்வான இடங்களில் தேங்குகிறது. மலைகள் சூழ்ந்த உட்துறைமுகத்தைப் போல அது தேங்குவதற்கு வாய்ப்பான இடம் வேறில்லை. மேலிருந்து பார்த்தபோது துறைமுகம் என்று ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை. வெள்ளைப் பரப்புக்கு மேலே சீனக்குடாப் பக்கத்து மா ஆலையின் உச்சியும், ஒரு கப்பலின் பாய்மரக்கம்பம் போன்ற ஏதோ ஒன்றும் நீட்டிக்கொண்டிருக்க, அடியில் எங்கோ ஒரு மீன்பிடி வள்ளத்தின் இயந்திரம் மட்டும் இடமிருந்து வலமாகப் போனது. வள்ளம் கடைசிவரை தென்படவில்லை. எட்டு மணிக்கு எல்லாம் கரைந்துவிட்டது. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று என் மனைவி பிள்ளைகளின் தலையில் துவாயைக் கட்டிவிட, இலண்டன் பிள்ளைகளோ அதைக் குளிர் என்றே ஏற்கவில்லை. அங்கிருந்து கன்னியாவுக்குப் போய் ஏழு கிணறுகளிலும் மாறிமாறி வாளியால் அள்ளிக் குளித்தோம். வெந்நீரூற்றுக்கு ஏற்ற பருவம் அதுதான். ஆடி வெயிலில் அக்கா குடும்பம் முதற்கிணற்றோடு திரும்பிவிட்டது.

எனவே பனிக்காக மட்டும் வருகிறவர் தை நடுப்பகுதிக்கும் மாசிக் கடைசிக்கும் இடையில் வரட்டும். அதற்கு உப்புவெளி விடுதி வேண்டாம். நகரத்துக்குள், துறைமுகம் தெரியும் மேட்டில் ஓர் அறை எடுப்பதே பொருத்தம்.

2025 பங்குனியில் என் மனைவியின் அக்கா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நான்கு நாட்கள் தங்கினார். விடுதியைப் பற்றி எழுதக் குறைவாகவே இருக்கிறது, ஏனெனில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. வாடைக்காற்று அடங்கியிருந்தது, கச்சான் இன்னும் புறப்படவில்லை. கதவு ஒரு விரலால் திறந்தது. விரிப்புகளில் வெயிலின் மணம் இருந்தது. கிணற்று நீர் நன்னீராகவே இருந்தது. வாடகை இரண்டுக்கும் நடுவில். மழையில் நிரம்பிய குளங்களும் வழிநெடுகப் பச்சையும் அப்போது எஞ்சியிருந்ததால், வரும் வழியிலேயே களைப்பு தெரியவில்லை என்றார் மச்சாள். ஆழ்கடல் பள்ளம் கரைக்கு மிக அருகே வருவதால் திமிங்கிலங்களைக் காணும் வாய்ப்பு பங்குனியிலிருந்தே தொடங்குகிறது. படகில் ஏற மறுத்த மச்சாள், கோணேசர் கோயில் இருக்கும் சுவாமி மலை விளிம்பில் நின்று ஒரு மணி நேரம் கடலைப் பார்த்துவிட்டு, தான் ஒன்றைக் கண்டதாக உறுதியாகச் சொல்கிறார். நான் காணவில்லை.

அறை கேட்கும்போது ஆடியென்றால் கீழ்த்தளத்தில் வேம்பு நிழல் விழும் அறையையும், மார்கழியென்றால் கடலைப் பாராத பின்புற அறையையும், பங்குனி, சித்திரையென்றால் மேல்மாடி வடக்கு மூலையையும் கேளுங்கள். சித்திரைப் புத்தாண்டு வாரத்தில் நாடு முழுவதும் விடுமுறை என்பதால் வாடகை ஏறிவிடும், அறையும் அகப்படாது.

அக்கா அடுத்த பங்குனியில் பிள்ளைகள் இல்லாமல் வருவதாகச் சொல்லியிருக்கிறார். வடக்கு மூலை அறைக்கு முற்பணம் கட்டிப் பற்றுச்சீட்டும் வாங்கிவிட்டேன். படகுக்குக் கட்டவில்லை.