பழைய உப்பு ஆலையா, புதிய கண்ணாடிக் கிண்ணமா?

அருங்காட்சியகம் எதுவானாலும், மக்கள் கண்ணில் படுவது அதன் சேகரிப்பில் சிறு பகுதிதான். மீதி கிடங்கில் முடங்கிக் கிடக்கும். அந்தக் கிடங்கையே பார்வைக்குத் திறந்துவிட்டன, 2021இல் ஐரோப்பாவின் இரண்டு ஊர்கள். போன வழிதான் நேர் எதிர்.

ஜெர்மனியின் எஸ்ஸன் நகரம் பழைய ஆலைக் கட்டடத்தை எடுத்துக்கொண்டது. ஸோல்ஃபெரைன் நிலக்கரி வளாகம் 2001 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம். நிலக்கரியைச் சுட்டு 'கோக்' என்னும் எரிபொருளாக்கும் அதன் கோக் ஆலை 1961 முதல் 1993 வரை ஓடியது. நிலக்கரியைச் சுடும்போது வரும் வாயுவிலிருந்து அம்மோனியாவைப் பிரித்து அம்மோனியம் சல்பேட் ஆக்கிய பகுதிக்கு 'உப்பு ஆலை' என்று பெயர். (நம் உரக்கடைகளில் மூட்டையாக விற்கும் அதே சரக்குதான்.) இன்று அங்கே ரூர் அருங்காட்சியகத்தின் சுமார் 25,000 பொருட்கள் இருக்கின்றன: கனிமங்கள், புதைபடிவங்கள், அகழ்வில் கிடைத்தவை, வட்டார வரலாறு பேசும் சாமான்கள். நிலக்கரியால் வளர்ந்த மண்ணின் கதையைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான கூரை கிடைக்காது. ஆனால் வழிகாட்டி இல்லாமல் உள்ளே போக முடியாது. பிடித்த அலமாரி முன் நின்று ரசிக்க நினைப்பவருக்கு இது எரிச்சல்தான்.

நெதர்லாந்தின் ராட்டர்டாம் புதிதாகக் கட்டியது. கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கும் ஊர். பாய்மன்ஸ் அருங்காட்சியகத்தின் நிலவறைக் கிடங்குக்கு வெள்ள அபாயம். அதனால் கிண்ண வடிவில் 39.5 மீட்டர் உயரக் கட்டடம் ஒன்று எழுந்தது. வெளிச்சுவர் முழுக்க முகம் பார்க்கும் கண்ணாடி. அந்தப் பளபளப்பு எனக்குச் சற்று அதிகப்படி. ஆனால் உள்ளே இருக்கும் ஒழுங்கை மெச்சாமல் இருக்க முடியவில்லை. 1,51,000 பொருட்களையும் நூற்றாண்டு, ஓவியப் பாணி என்று பிரிக்கவில்லை. உலோகம், பிளாஸ்டிக், புகைப்படம் என்று பொருளின் தேவைக்கேற்ப ஐந்து விதத் தட்பவெப்பத்தில் வைத்திருக்கிறார்கள். வண்ணப் புகைப்படத்துக்குக் குளிர் வேண்டும். உலோகத்துக்கு ஈரமே ஆகாது. பழைய சுவருக்குள் இத்தனை நுணுக்கத்தைப் புகுத்துவது பெரும்பாடு.

ஆகவே கல்லும் இரும்பும் மிகுந்த சேகரிப்பு என்றால் பழைய ஆலைக்கே என் வாக்கு. காகிதமும் புகைப்படமும் மிகுந்தால் கட்டடப் பாசத்தை ஒதுக்கிவைத்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதே நல்லது.

லண்டன் இடைவழியில் போனது. 2012 ஒலிம்பிக்கின் ஊடக மையத்தில் 2025 மே மாதம் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் கிடங்கு திறந்தது. கட்டடத்துக்குப் பழம்பெருமை ஏதுமில்லை. ஆனால் முன்பதிவு செய்தால், கேட்ட பொருளை எடுத்துவந்து உங்கள் மேசையில் வைக்கிறார்கள், கட்டணமில்லாமல். எஸ்ஸன் முதலில் பின்பற்ற வேண்டியது இதைத்தான்.