அமெரிக்க விமானி வேலை என்று பணம் வாங்கும் முகவர்கள்: யாழ்ப்பாணத்து இளம் விமானிகளுக்கும் பெற்றோருக்கும் ஓர் எச்சரிக்கை

அமெரிக்காவில், ஒரு விமானத்தைப் பலர் பங்குபோட்டு வாங்கும் பகுதி உரிமை முறையில் டேர்போபுரொப் (சுழலி இயந்திரத்தால் உந்துவிசிறி சுழலும்) விமானங்களை இயக்கும் ஒரு நிறுவனத்தில் துணை விமானி வேலை எடுத்துத் தருவதாகக் கூறி, யாழ்ப்பாண நகரில் அலுவலகம் வைத்திருந்த முகவர் ஒருவர் எங்கள் குடும்பத்திடம் 18 இலட்சம் ரூபாய் பெற்று ஏமாற்றியிருக்கிறார். அந்த அலுவலகம் இப்போது பூட்டிக் கிடக்கிறது. ஆனால் அதே ஆள் வேறொரு பெயரில் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் பெற்றோரைச் சந்தித்து வருவதாக நம்பகமானவர்கள் மூலம் அறிந்ததால் இதை எழுதுகிறேன். பொலிஸ் முறைப்பாடு விசாரணையில் இருப்பதனால் பெயர்களைத் தவிர்க்கிறேன். அவர் யாருடைய பெயரைப் பயன்படுத்தினாரோ அந்த அமெரிக்க நிறுவனத்துக்கும் இந்த மோசடிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இரத்மலானையில் பயிற்சி பெற்று வணிக விமானி உரிமம் எடுத்துக்கொண்டு வரும் ஒரு பிள்ளையின் கையில் ஏறத்தாழ 200 மணித்தியாலப் பறப்பு அனுபவம்தான் இருக்கும். அந்த அனுபவத்துடன் உள்நாட்டில் வேலை கிடைப்பது அரிது. பலாலி விமான நிலையம் 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, சென்னையிலிருந்து ஏ.ரி.ஆர். 72 ரக டேர்போபுரொப் விமானங்கள் வந்து போகத் தொடங்கியதும், எங்கள் ஊர்களிலும் விமானி வேலை பற்றிய ஆசை கூடியது. ஆனால் அந்த விமானங்களை ஓட்டுகிறவர்கள் இந்திய நிறுவனங்களின் விமானிகள்; எங்களுடைய வேலைத் தேடலில் அதனால் மாற்றம் எதுவும் வரவில்லை. படிப்புக்குப் பட்ட கடன் அப்படியே நிற்கும் இந்த இடைவெளியில்தான் இத்தகைய முகவர்கள் வந்து சேருகிறார்கள்.

பகுதி உரிமை என்பது உண்மையான, நன்றாக ஒழுங்குபடுத்தப்பட்ட ஒரு தொழில்தான். ஒரு விமானத்தைப் பலர் பங்குபோட்டு வாங்குகிறார்கள். அமெரிக்க விதிகளின்படி ஒருவருடைய பங்கு பதினாறில் ஒன்றுக்குக் குறையக்கூடாது. அந்தப் பங்குக்குப் பொதுவாக ஆண்டுக்கு 50 மணித்தியாலப் பறப்பு கிடைக்கும். விமானத்தைப் பராமரிப்பதும் விமானிகளை வைத்திருப்பதும் நிர்வாக நிறுவனத்தின் பொறுப்பு. சுவிற்சர்லாந்தில் தயாராகும் பிலாட்டஸ் பிசி-12 என்ற ஒற்றை இயந்திர விமானம் குறுகிய ஓடுபாதையிலும் புல் தரையிலும் இறங்கக்கூடியது என்பதால் இத்தொழிலில் அதற்கு நல்ல மதிப்பு உண்டு. விமானிகள் சில நாட்கள் தொடர்ச்சியாக வேலை செய்து, பின்னர் சில நாட்கள் வீட்டில் நிற்பார்கள். இவை எல்லாவற்றையும் அந்த முகவர் சரியாகவே சொன்னார். சொன்னவற்றில் பெரும்பகுதி உண்மையாக இருந்தபடியால்தான் பொய்யான பகுதி கண்ணுக்குப் படவில்லை.

அவருடைய மாடியறையில் நடந்த பேச்சில் பெரும்பாலும் அப்பாவை நோக்கியே அவர் கதைத்தார். “ஐயா, நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்க வேண்டாம், தம்பி சித்திரைக்கு முன்னம் அங்கை நிப்பார்” என்று சொல்லியபடி வேலைக் கடிதத்தை மேசையில் வைத்தார். தடித்த வழுவழுப்பான தாளில் நிறுவனத்தின் சின்னம், சம்பள விபரம், எட்டு நாள் வேலை ஆறு நாள் ஓய்வு என்ற அட்டவணை, மேலே ஒரு பிசி-12 விமானத்தின் வண்ணப் படம் எல்லாம் அச்சிடப்பட்டிருந்தன. அந்தப் படத்தில் இருந்த விமானத்தின் பதிவு எழுத்துகள் ‘எச்.பி.’ என்று தொடங்கின. அது சுவிற்சர்லாந்துப் பதிவு. அமெரிக்காவில் பதிவான விமானங்கள் ‘என்’ என்ற எழுத்தில்தான் தொடங்கும். நான் இதைக் கேட்டபோது, தொழிற்சாலையிலிருந்து புதிதாக வந்த விமானம், பதிவு மாற்றப்படும் என்று தயங்காமல் பதில் சொன்னார். தொழிற்சாலையை விட்டு வெளியே வரும் விமானத்துக்கு அப்படி நடப்பதும் உண்டு என்பதால் அந்தப் பதில் அந்த நேரத்தில் பொருந்தியது.

பணத்தின் பெரும்பகுதி ‘பிசி-12 டைப் ரேட்டிங்’ கட்டணம் என்ற பெயரில் கேட்கப்பட்டது. அக்காவுக்கென்று வைத்திருந்த காணியை ஈடு வைத்துத்தான் அதைக் கட்டினோம். இந்த இடத்தைப் பிள்ளைகளும் பெற்றோரும் கவனமாக வாசிக்க வேண்டும். டைப் ரேட்டிங் என்பது குறிப்பிட்ட ஒரு விமான ரகத்தை ஓட்டுவதற்கு உரிமத்தில் தனியாகப் பதியப்படும் தகுதி. எஃப்.ஏ.ஏ. எனப்படும் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம், பொதுவாக ஜெட் விமானங்களுக்கும் 5,670 கிலோகிராமுக்கு மேற்பட்ட புறப்பாட்டு எடை கொண்ட விமானங்களுக்கும்தான் அதைக் கேட்கிறது. பிசி-12 விமானத்தின் ஆகக்கூடிய புறப்பாட்டு எடை 4,740 கிலோகிராம். அது ஜெட் விமானமும் அல்ல. ஆகவே அமெரிக்க உரிமத்தில் பிசி-12 டைப் ரேட்டிங் என்று ஒன்று இல்லை. உயரப் பறக்கும், கபினுள் காற்றழுத்தம் பேணும் விமானம் என்பதால் அதற்குரிய பயிற்சியும் பயிற்றுநரின் ஒப்பமும் வேண்டும். நிறுவனத்தின் சொந்தப் பயிற்சியும் உண்டு. அந்தப் பயிற்சியை நிறுவனம் தன் செலவில் கொடுத்து, அதற்கு ஈடாகக் குறிப்பிட்ட காலம் வேலை செய்ய ஒப்பந்தம் கேட்கலாம். ஐரோப்பாவில் விதி வேறு, அங்கே இந்த விமானத்துக்குத் தனித் தகுதி தேவை. முகவர் காட்டிய அச்சுப் பிரதி அந்த ஐரோப்பிய விதியிலிருந்து எடுக்கப்பட்டது என்பது பின்னர்தான் தெரிந்தது. இல்லாத ஒரு தகுதிக்கு எங்களிடம் கட்டணம் வாங்கியிருக்கிறார்.

அடுத்தது பறப்பு மணித்தியாலம். பகுதி உரிமை விமானங்களுக்கு அமெரிக்காவில் தனி விதித் தொகுதி உண்டு. அதன் பொது விதிப்படி தலைமை விமானிக்கு 1,500 மணித்தியாலமும் துணை விமானிக்கு 500 மணித்தியாலமும் குறைந்தபட்சம் இருக்க வேண்டும். 200 மணித்தியாலத்துடன் நிற்கும் ஒருவருக்குத் துணை விமானி ஆசனம் உறுதி என்று கடிதம் வந்தால், அந்த ஒரு வரியே கடிதத்தைச் சந்தேகிக்கப் போதுமானது. மிச்ச மணித்தியாலங்களைத் தரையிலிருந்தே பறப்பைப் பழகும் சிமுலேட்டரில் நிரப்பிவிடலாம் என்று முகவர் சொன்னது முழுப்பொய். சிமுலேட்டர் பயிற்சி பயனுள்ளதுதான், ஆனால் வானத்தில் பறந்த நேரத்துக்கு ஈடாக அப்படி 300 மணித்தியாலத்தை அது தந்துவிடாது. உரிமத்தின் கதையும் இதுதான். இலங்கை வணிக உரிமத்தைக் காட்டி அமெரிக்காவில் நேரடியாகப் பெறக்கூடியது தனியார் விமானி நிலைச் சான்றிதழ் மட்டுமே. வணிக நிலைக்கு அங்கே எழுத்துப் பரீட்சையும் பறப்புப் பரீட்சையும் எழுதித் தேற வேண்டும். ‘உரிமம் மாற்றும் கட்டணம்’ என்று முகவர் வாங்கிய தொகைக்கு எந்தப் பரீட்சைப் பதிவும் செய்யப்படவில்லை.

விசா பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்காவில் தற்காலிக வேலை விசாவுக்குப் பெரும்பாலும் முதலில் வேலை கொடுப்பவர்தான் அந்நாட்டுக் குடிவரவுச் சேவைக்கு மனுச் செய்ய வேண்டும். அந்த மனுவுக்கு ஒரு பற்று இலக்கம் வழங்கப்படும்: மூன்று ஆங்கில எழுத்துகள், அவற்றைத் தொடர்ந்து பத்து எண்கள். குடிவரவுச் சேவையின் இணையத்தளத்தில் அதை யாரும் இலவசமாகப் போட்டுப் பார்க்கலாம். பல தடவை கேட்ட பின்னர் வட்ஸ்அப்பில் எங்களுக்கு வந்த இலக்கத்தில் மூன்று எழுத்துகளுக்குப் பிறகு ஒன்பது எண்கள்தான் இருந்தன. ஓர் எண் விடுபட்டுவிட்டது என்றார். விடுபட்ட எண்ணைக் கேட்டதும் தொலைபேசியை எடுப்பதை நிறுத்திவிட்டார். அதன் பின்னர் அந்த அமெரிக்க நிறுவனத்தின் ஆட்சேர்ப்புப் பிரிவுக்கு நானே எழுதினேன். தங்களுக்கு இலங்கையில் முகவர் எவரும் இல்லை, விண்ணப்பதாரர்களிடம் எந்தக் கட்டணமும் பெறுவதில்லை, அப்படியொரு கடிதத்தைத் தாங்கள் வழங்கவில்லை என்று தெளிவாகவும் மரியாதையாகவும் பதில் அனுப்பினார்கள்.

எங்களுக்குத் தரப்பட்ட பற்றுச்சீட்டுகளை இப்போது எடுத்துப் பார்த்தால், எதிலும் ‘வேலை’ என்ற சொல்லே இல்லை. எல்லாவற்றிலும் ‘ஆலோசனைக் கட்டணம், மீளளிக்கப்படமாட்டாது’ என்றே எழுதப்பட்டிருக்கிறது. அனுமதிப்பத்திர இலக்கம் ஒன்றும் கிடையாது. 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆட்சேர்க்கும் எவரும் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் பெற்றிருக்க வேண்டும். விமானி வேலை உயர்தரத் தொழில், அதற்குப் பணியகத்தின் அனுமதி தேவையில்லை என்று அவர் அப்பாவிடம் கூறியிருந்தார். அப்படியொரு விலக்கைச் சொல்லி அனுமதிப்பத்திரம் காட்ட மறுக்கும் எவருடனும் மேற்கொண்டு பேச்சு வைத்துக்கொள்ள வேண்டாம். முகவர் அனுமதி பெற்றவரா என்பதைப் பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டு அப்பா நேரில் போனபோது அந்த மாடியறையில் ஒரு தையல் வகுப்புக்கான விளம்பரப் பலகை மாட்டப்பட்டுக்கொண்டிருந்தது. அறுபது வயதைத் தாண்டிய மனிதர் படியிறங்கி வந்து, ஈட்டு வட்டியை எப்படிக் கட்டுவது என்பதை மட்டும் என்னிடம் கேட்டார். பிள்ளையின் படிப்புக்காகக் காணி நிலத்தைப் பணயம் வைக்கும் பெற்றோரின் நம்பிக்கையைக் குறிவைத்துத் தொழில் நடத்துகிறவர்கள் மீது எனக்கு உள்ள கோபம் இதனால் வந்தது, அதை மறைக்க நான் விரும்பவில்லை.

பொலிஸ் நிலையத்திலும் பணியகத்திலும் எழுத்துமூலம் முறைப்பாடு செய்திருக்கிறோம். வங்கி வைப்புச் சீட்டுகள், வட்ஸ்அப் உரையாடலின் அச்சுப் பிரதிகள், வேலைக் கடிதத்தின் மூலப்பிரதி ஆகியவற்றை ஒப்படைத்தோம்; ரொக்கமாகக் கொடுத்த தொகைக்குச் சான்று காட்டுவதுதான் கடினமாக இருக்கிறது. இதே வகைக் கடிதத்தையோ ‘ஆலோசனைக் கட்டணம்’ என்ற பற்றுச்சீட்டையோ வைத்திருப்பவர்கள் அவற்றைக் கிழித்தெறியாமல், தொலைபேசியிலுள்ள செய்திகளையும் அழிக்காமல், தங்கள் பகுதிப் பொலிஸ் நிலையத்தில் தனித்தனியாக முறைப்பாடு பதிவு செய்து, முறைப்பாட்டு இலக்கத்தைப் பணியகத்துக்கும் அறிவியுங்கள். ஒரே ஆளுக்கு எதிராகப் பல முறைப்பாடுகள் சேரும்போது, இது தனிப்பட்ட கொடுக்கல் வாங்கல் தகராறு என்று அவர் சொல்லித் தப்புவது கடினமாகும்.