கையால் அரைக்கும் காபி கிரைண்டர்: எட்டு மாத அனுபவம்

முதலில் மிக்ஸியின் சட்னி ஜாரில்தான் அரைத்துக்கொண்டிருந்தேன். பிளேடு கொட்டையை வெட்டித் தள்ளுமே தவிர ஒரே அளவில் அரைக்காது. பாதி மாவு, பாதி குருணை. மாவு ஃபில்டர் துளைகளை அடைத்துக்கொள்ளும். இரவு போட்ட டிகாக்‌ஷன் காலையிலும் இறங்கியிருக்காது. குருணையில் சாரமே இறங்காது.

அப்புறம்தான் பர் கிரைண்டர் வாங்கினேன். பல் வைத்த இரண்டு எஃகுக் கூம்புகள், ஒன்றுக்குள் ஒன்று. நடுவிலுள்ள இடைவெளிதான் தூளின் அளவைத் தீர்மானிக்கிறது. அடியில் உள்ள திருகைத் திருப்பினால் டிக் டிக்கென்று மாறும். என்னுடையதில் பித்தளை ஃபில்டருக்கு 13 டிக் சரியாக வருகிறது. 11-க்குப் போனால் அடைப்பு, 16-க்குப் போனால் டிகாக்‌ஷன் கடகடவென்று இறங்கித் தண்ணியாகிவிடும். முதல் வாரம் பொறுமையாகச் சோதித்துப் பாருங்கள், அதுதான் முக்கியம்.

ஒரு தடவைக்கு 20 கிராம்தான் கொள்ளும். வீட்டில் நான்கு பேர் என்றால் இரண்டு முறை சுற்ற வேண்டும், கை வலிக்கும். விருந்தாளி வரும் வீட்டுக்கு மின்சாரத்தில் ஓடுவதே நல்லது. இளம் வறுவல் கொட்டை இன்னும் கடினம். நான் நடுத்தர வறுவல் பீபரிதான் (பழத்துக்குள் ஒற்றையாக விளையும் உருண்டைக் கொட்டை) வாங்குகிறேன்.

சிக்கரியை இதில் போடாதீர்கள். தூளாகவே வாங்கிக் கடைசியில் கலந்துகொள்ளுங்கள். தண்ணீரிலும் கழுவ வேண்டாம், எஃகுப் பல் துருப்பிடிக்கும். உலர்ந்த பிரஷ் போதும்.

மூடியைத் திறக்கும்போது வரும் அந்த வாசனைக்காகவே தினமும் சுற்றுகிறேன்.