பட்டியில வைரஸ் பூந்துருச்சா: ரத்தமா, பாலா, காதுத்துண்டா?

போன வாரம் பாசார் மாலாம்ல, அதான் ராத்திரி சந்தையில, ஒரு அண்ணன் நிப்பாட்டி, "தம்பி, உங்க மாட்டுக்கெல்லாம் டெஸ்ட் எடுத்தீங்களாமே, எது நல்ல டெஸ்ட்டுனு சொல்லு, நானும் அதையே எடுத்துர்றேன்"னாரு. நல்ல டெஸ்ட்டுனு தனியா ஒண்ணு கெடையாதுண்ணேனு சொன்னதுக்கு அவரு மூஞ்சி ஒரு மாதிரி ஆயிருச்சு, நான் ஏதோ மறைக்கிறேன்னு நெனச்சிருப்பாரு போல. அப்பம் பாலிக் கடை வரிசையில நின்னுக்கிட்டு சொல்லி முடியுற கதையும் இல்ல. அதான் உக்காந்து எழுதிட்டேன், கொஞ்சம் நீளமா போகும்.

நம்ம பட்டி மலேசியால, பேராக் பக்கம் சுங்கை சிப்புட்ல. தாத்தா ரப்பர் மரம் சீவுன காலத்துல லயத்துக்குப் பின்னால ரெண்டு மாட்டோட ஆரம்பிச்சது, இப்ப தோட்டம் பூரா செம்பனை ஆயிருச்சு, மாடும் டவுன் ஓரத்துக்கு வந்துருச்சு. மொத்தம் 23 உருப்படி, 9 கறவை, மாமாவும் நானும் பாத்துக்கிறோம். போன வருஷம் ரெண்டு மாடு சினை கலைஞ்சு கன்னு வீசிருச்சு, ஒரு மாட்டுக்கு மூணு தடவ ஊசி போட்டும் சினை நிக்கல, கன்னுங்க கழிச்சலும் இருமலுமா இழுத்துக்கிட்டே கெடந்துச்சு. கன்னு வீசுனா முதல்ல புருசெல்லா பாக்கணும், அது பாக்டீரியா, மனுசனுக்கும் தொத்தும், பச்சப்பால் குடிக்கிற வீடுன்னா சொல்லவே வேணாம். பாத்தோம், இல்லைனு வந்துச்சு. அதுக்கப்பறம்தான் டாக்டரம்மா பிவிடினு ஒரு பேரு சொன்னாங்க.

பிவிடினா போவைன் வைரல் டயரியா, மாட்டுக்கு வர்ற வைரஸ் கழிச்சல். பேருலதான் கழிச்சல், நெசமா அது வேலயக் காட்டுறது வயித்துல இருக்குற கன்னுகிட்ட. 1946லயே அமெரிக்கால கண்டு எழுதி வச்சுட்டாங்க. சாதாரண மாட்டுக்கு வந்தா ரெண்டு வாரம் போல இருந்துட்டு போயிரும், உடம்பு நோய எதிர்க்குற ஆன்டிபாடி செஞ்சு வெரட்டிரும். ஆனா சினை ஏறக்குறைய 40 நாள்ல இருந்து 120 நாளுக்குள்ள இருக்கும்போது தாய்க்கு வந்துச்சுன்னா, வயித்துக்குள்ள இருக்குற அந்தக் கன்னு வைரஸையும் தன்னோட உடம்புல ஒரு பாகம்னு நெனச்சுக்கும், எதிர்க்கவே செய்யாது, பொறந்ததுல இருந்து சாகுற வரைக்கும் எச்சில், சளி, மூத்திரம் எல்லாத்துலயும் வைரஸ கொட்டிக்கிட்டே திரியும். இதத்தான் பிஐனு சொல்றாங்க. பட்டிய விட்டு நோய் போகாம சுத்திச்சுத்தி வருதுன்னா முக்கியமான காரணம் இந்த மாதிரி ஒண்ணோ ரெண்டோ உள்ள நிக்கிறதுதான். தடுப்பூசி போட்டாலும் பிஐ மாறாது, மருந்தும் கெடையாது, கண்டுபிடிச்சு வெளியேத்துறது ஒண்ணுதான் வழி. அதனால எந்த டெஸ்ட்ட எடுத்தாலும் நான் ஒண்ணுதான் கேப்பேன்: பட்டிக்குள்ள வைரஸ் வந்துச்சானு இது சொல்லுமா, இல்ல யாரு வச்சிருக்கானு சொல்லுமா? ரெண்டும் வேற வேற கேள்வி, இத கொழப்பிக்கிட்டுத்தான் காசப் போட்டுட்டு திருதிருனு முழிக்கிறோம்.

மாமாவோட டெஸ்ட் கண்ணு. "நோய் மாடு பாத்தாலே தெரியாதாடா"ம்பாரு. கோமாரின்னா தெரியும், வாயில நொர தள்ளும், குளம்புல புண்ணு வரும், நொண்டும். பிஐ மாட்டுல சிலது சோனியா வளராம நிக்கும், சிலது பளபளனு சந்தைக்கு கொண்டு போற மாதிரி நிக்கும். கண்ணால பாக்குறது ஓசி, அவ்வளவுதான் அதுல நல்லது.

அடுத்தது ரத்தத்துல ஆன்டிபாடி பாக்குற எலைசாங்கிற லேப் டெஸ்ட். பாக்குற டெஸ்ட்லயே வெல கம்மியா முடியுறது பெரும்பாலும் இதுதான், எல்லாரும் முதல்ல இதத்தான் எடுப்பாங்க, நாங்களும் அதான் எடுத்தோம். சிவப்பு மூடி டியூப்ல ரத்தம் எடுத்து, ஆடாம அசையாம வச்சு, உறைஞ்சப்பறம் மேல நிக்கிற தெளிஞ்ச நீர எடுத்து பாப்பாங்க. இதுல என் பவுசையும் சொல்லிர்றேன். முதல் தடவ ஆறு டியூப்பையும் மோட்டார் கூடையில போட்டு, குண்டுங்குழியுமா இருக்குற செம்மண் ரோட்டுல ஓட்டிட்டு வந்து, நடுவுல தே தாரேக் குடிக்க நிப்பாட்டி, பன்னெண்டு மணி வெயில்ல வண்டிய விட்டுட்டேன். ரத்தம் கலங்கி அந்தத் தெளிஞ்ச நீர் பூரா ரோஸ் சிரப் மாதிரி ஆயிருச்சு, திரும்ப ஆறு கழுத்துலயும் ஊசி. ஐஸ் பெட்டியும் பொறுமையும் இல்லாதவன் ரத்த டெஸ்ட் பக்கம் போகக்கூடாது.

சரி, ரிசல்ட்டுக்கு வருவோம். தீபாவளி முடிஞ்சு தடுப்பூசி போடாத ஆறு இளசுகளுக்கு, எல்லாம் ஒம்பது மாசத்துக்கு மேல, ரத்தம் எடுத்ததுல அஞ்சு பாசிட்டிவ், ஒண்ணு மட்டும் நெகட்டிவ். அந்த ஒண்ணு வேலாயி. தைப்பூசத்தன்னிக்கு பொறந்ததுனால அம்மா வச்ச பேரு, பட்டியிலயே சின்ன உரு, வயிறு மட்டும் பானை மாதிரி, அம்மா தனியா தவிடு கரைச்சு வச்சு வளத்தது. பேப்பர பாத்துட்டு அம்மா "முருகன் காப்பாத்திட்டான்டா"னு விபூதி பூசி விட்டாங்க, நானும் சந்தோசமா டாக்டரம்மாவுக்கு போன் போட்டு சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்பறம் "தம்பி, அந்த நெகட்டிவ் கன்னத்தான் முதல்ல தனியா கட்டணும்"னாங்க.

இந்த டெஸ்ட்டோட சூட்சுமமே அதான். ஆன்டிபாடி இருந்தா வைரஸ பாத்து ஜெயிச்ச மாடு. இல்லைன்னா ரெண்டுல ஒண்ணு, வைரஸ பாக்கவே இல்ல, இல்ல வைரஸ தன்னோடதுனு நெனச்சுக்கிட்டு உள்ளயே வச்சிருக்கு. கூட மேயுற அஞ்சும் பாத்துருச்சு, இது மட்டும் எப்படி பாக்காம இருக்கும்? ஆக பட்டிக்குள்ள வைரஸ் இருக்கானு தெரிஞ்சுக்க ஆன்டிபாடி அருமையான டெஸ்ட், இந்த மாதிரி நாலஞ்சு இளசுகள பாத்தாலே போதும். ஆள் பிடிக்க அத வச்சா ஆப்புதான், நல்ல மாட்ட வித்துட்டு நோய் மாட்ட வச்சுக்குவோம். ரொம்ப சின்னக் கன்னுக்கும் ஒத்து வராது, சீம்பால்ல வந்த தாயோட ஆன்டிபாடி மாசக்கணக்குல ரத்தத்துல சுத்தும். தடுப்பூசி போட்ட மாட்டுக்கு இன்னும் கொழப்பம். கோமாரிக்கு அந்தப் பிரச்சினைய தீத்துட்டாங்க, சுத்திகரிச்ச தடுப்பூசி போட்ட மாட்டையும் நெசமா நோய் வந்த மாட்டையும் பிரிச்சுக் காட்ட என்எஸ்பி எலைசானு ஒண்ணு இருக்கு. பிவிடில ஊசியா நோயானு அப்படிப் பிரிச்சுச் சொல்ல நம்ம கையில ஒண்ணும் இல்ல.

பால் டெஸ்ட்ட சுருக்கமா சொல்லிர்றேன், நம்மள மாதிரி ஆளுக்கு அது பெருசா ஒதவாது. டாங்கில இருக்குற மொத்தப் பால்ல கொஞ்சம் எடுத்து ஆன்டிபாடியோ வைரஸோ பாக்கலாம், மாட்ட தொடவே வேணாம். ஸ்வீடன்ல 1993ல ஆரம்பிச்சு தடுப்பூசியே போடாம, பாலையும் ரத்தத்தையும் பாத்துப் பாத்தே இந்த நோய ஒழிச்சாங்க. ஆனா பால் குடுக்குற மாட்டப் பத்தித்தான் அது பேசும். வத்துன மாடு, கிடேரி, கன்னு, காளை ஒண்ணும் அதுல வராது, வேலாயி மாதிரி ஆளு ஜம்முனு தப்பிச்சிரும். நாலு வீட்டுப் பால் ஒரே கேன்ல சேந்து போற எடத்துல யாரு மாடுனு சண்டதான் மிச்சம்.

எனக்குப் புடிச்சது காதுத்துண்டு. ஒரு சின்ன குறடு, காது ஓரத்துல ஒரு பொட்டு அளவு தோலக் கடிச்சு எடுக்கும், அதுல வைரஸோட ஆன்டிஜென், அதாவது வைரஸோட புரதம், இருக்கானு நேரா பாக்குறது. பிஐ மாட்டுக்கு தோல் உள்பட உடம்பு பூரா வைரஸ் இருக்குறதுனால பொறந்த அன்னிக்கே தெரிஞ்சிரும், ரத்தத்துல ஆன்டிஜென் பாத்தா சீம்பால் குறுக்க விழுற மாதிரி இதுல அவ்வளவா விழாது. ரத்தம் எடுக்குற மாதிரி நரம்பு தேட வேணாம், கன்ன ஒருத்தர் புடிச்சா ஒருத்தர் எடுத்துரலாம். சுவிட்சர்லாந்துல 2008ல நாட்டுல இருக்குற மாடு அத்தனைக்கும் பாத்தாங்க. அயர்லாந்துல 2013ல பொறக்குற ஒவ்வொரு கன்னுக்கும் கட்டாயமாக்குனாங்க, காதுத்தோடு குத்தும்போதே அந்தத் துண்டு டியூப்குள்ள போயிரும். முதல் வருஷம் அங்க பாசிட்டிவ் வந்தது நூத்துக்கு 0.66தான், ஆனா அந்தக் கொஞ்சம்தான் நாடு பூரா பரப்பிக்கிட்டு இருந்துச்சு.

இன்னொரு லாபம் கணக்குல இருக்கு. பிஐ பசு எப்பவும் பிஐ கன்னத்தான் போடும். அப்ப கன்னு சுத்தம்னா அத பெத்தவளும் பிஐ இல்ல, தாய்க்கு தனியா டெஸ்ட் வேணாம். எட்டு பசுவோட கன்னுங்க எங்க பட்டியிலயே நின்னதால 23 உருப்படிக்கு 15 துண்டு போதுமா இருந்துச்சு, இத கேட்டப்பறம்தான் மாமா கைய பைக்குள்ள விட்டாரு. இது தலகீழா செல்லாது, கன்னு பாசிட்டிவ்னா தாயும் பிஐனு அர்த்தமில்ல, முக்காவாசி அவ பிஐயா இருக்க மாட்டா, தனியா பாக்கணும்.

இதுலயும் கொற இருக்கு. ஒரு மாட்டுக்கு எடுத்துட்டு குறட்ட சட்டையில தொடச்சுட்டு அடுத்த மாட்டுக்குப் போனா முதல் மாட்டு வைரஸ் ரெண்டாவது டியூப்ல ஏறிரும், ஒவ்வொரு தடவையும் மருந்து தண்ணில முக்கி நல்ல தண்ணில அலசணும், ரெண்டு வாளி, ஒரு பழைய பல் தேய்க்கிற பிரஸ். அப்பறம், பாசிட்டிவ்னு வந்த ஒடனே ஆடக்கூடாது. எங்களுக்கு ரெண்டு பாசிட்டிவ், வேலாயியும் ஒரு நாலு மாசக் காளைக் கன்னும். மாமா ரெண்டையும் அனுப்பிரலாம்னாரு. புதுசா வைரஸ் தொத்துன மாடும் சில நேரம் பாசிட்டிவ் காட்டும், அதனால மூணு வாரத்துக்கு மேல தனியா கட்டி வச்சு திரும்ப பாக்கணும். நாலு வாரம் கழிச்சு ரத்தத்துல பாத்தா காளைக் கன்னு சுத்தம், வேலாயி அதே பாசிட்டிவ். ரெண்டாவது டெஸ்ட் எடுக்காம விட்டிருந்தா நல்ல கன்னு ஒண்ணு அநியாயமா போயிருக்கும்.

பிசிஆர், அதாவது வைரஸோட மரபணுவ பெருக்கிப் பாக்குற டெஸ்ட், கூர்மையான கத்தி. ஊதா மூடி டியூப் ரத்தமோ காதுத்துண்டோ, பல மாட்டோடத ஒண்ணா கலந்து ஒரே டெஸ்ட்டா போடலாம், நெகட்டிவ்னா அத்தன மாடும் ஒரே காசுல முடிஞ்சது. ஆனா எங்க பட்டி மாதிரி வைரஸ் ஓடிக்கிட்டிருக்குற எடத்துல கலவை பாசிட்டிவ்னு வரும், அப்பறம் ஒவ்வொண்ணா பிரிச்சுப் பாக்கணும், மிச்சம் பிடிச்ச காசு அங்க போயிரும். ரெண்டு வாரத்துக்கு வந்துட்டு போற விருந்தாளி வைரஸையும் பிடிக்கும், அதனால திரும்ப பாக்குற வேல இதுலயும் உண்டு. பெரிய பண்ணை, நூறு எரநூறு மாடு, நோய் கம்மினு நம்பிக்க இருக்கு, அப்ப பிசிஆர் கலவைதான் நான் சொல்லுவேன். இருபது முப்பது உருப்படிக்கு காதுத்துண்டு. நோய் இருக்கா இல்லையானே தெரியலையா, அப்ப அஞ்சாறு இளசுக்கு ஆன்டிபாடி, அதுல ஒண்ணும் இல்லைன்னா அதோட நிப்பாட்டிக்கலாம். நமக்குப் பக்கத்துல ஈப்போவுல 1948ல இருந்து கால்நடை ஆராய்ச்சி நிலையம் இருக்கு, ஹைவான் ஆபீஸ்ல, அதான் கால்நடை இலாகால, கேட்டு எந்த சாம்பிள், எந்த டியூப்னு முதல்ல தெரிஞ்சுக்கிட்டு அப்பறம் மாட்ட புடிங்க.

மாடு வாங்குறவங்களுக்கு ஒண்ணு, இது எந்த டெஸ்ட்லயும் மாட்டாத ஓட்டை. வேலாயியோட தாய ஒரு யாவாரிகிட்ட சினையா வாங்குனோம். அவளுக்கு பிற்பாடு பாத்தா வைரஸ் இல்ல, ஆன்டிபாடி இருக்கு, சுத்தமான மாடு. வயித்துல இருந்ததுதான் பிஐ. சினை மாட்ட வாங்குனா ரெண்டு உருப்படி வாங்குறீங்க, டெஸ்ட் ஒண்ணுக்குத்தான் எடுக்க முடியும், இன்னொண்ண போடுற வரைக்கும் தனியா கட்டி வச்சு, பொறந்த அன்னிக்கே காத கிள்ளணும்.

வேலாயி விஷயம் வீட்டுல ரெண்டு வாரம் ஓடுச்சு. நம்ம வீட்டுல மாட்ட அறுக்க குடுக்குற பழக்கமில்ல. லோரிக்காரர் ஒருத்தர் வந்து 1,200 வெள்ளி (ரிங்கிட்) தர்றேன்னாரு, மாமா தலையாட்டப் பாத்தாரு. அது நேரா அறுக்கவா போகும், கோலகங்சார் பக்கம் யாரோ ஒருத்தர் வளக்க வாங்குவாரு, அவரு கொட்டகையில திரும்ப இதே கூத்து. அம்மாதான் கடைசில "ஊசி போட்டுருங்க, நான் அந்தப் பக்கம் வர மாட்டேன்"னாங்க. தைப்பூசத்துக்கு பத்து நாள் முன்னாடி டாக்டரம்மா வந்தாங்க. வேலிக்குப் பின்னால ஆழமா தோண்டி சுண்ணாம்பு போட்டோம். தவிட்டுச் சட்டி இன்னும் அங்கதான் கெடக்குது, யாரும் எடுக்கல.

ஆகஸ்ட்ல கீழ்க்கொட்டகையில இருந்து நாலு கிடேரிய கொண்டாந்து வேலாயி கூடவே கட்டியிருந்தோம், நாலும் அப்ப ரெண்டு மாச சினை, வைரஸ் அது வரைக்கும் பாக்காததுங்க. ரெண்டு போட்டுருச்சு, ரெண்டு காதுத்துண்டும் சுத்தம். மூணாவது கறுப்பி, மடி இறங்கிருச்சு, இன்னும் நாலஞ்சு நாள்தான். குறட்ட கழுவி ஆணியில மாட்டி வச்சிருக்கேன்.